தீபாவளிக்கு அடுத்த வாரம் எண்ணிய சாலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீனிவாசகம் என்ற மனுசனை நாலு பேர் முன்னால் நாறடிக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஏழாயிரம்பண்ணை வழியாகப் போகும் எங்கள் சாலை அகலமாகாமல் போனதற்கு அவர்தான் காரணம் என்று எழுதிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான் என் இலக்கிய லட்சியம்.

2

முதல் தொடக்கம்: "காலை ஆறு மணி. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. உதவிப் பொறியாளர் சீனிவாசகம் கொட்டாவி விட்டபடி…"

(அடித்துவிட்டேன். ஏன் வெறிச்சோடிக் கிடந்தது என்று கேட்பீர்கள். கேட்டால் மாட்டிக்கொள்வேன்.)

இரண்டாவது தொடக்கம்: "சீனிவாசகம் ஒரு சோம்பேறி."

(இதையும் அடித்தாயிற்று. பச்சைப் பொய். அந்த மனுசன் கொட்டாவி விட்டுக்கூட நான் பார்த்ததில்லை.)

3

சரி, நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

சீனிவாசகம் கும்பகோணத்துக்காரர். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஐந்தரை மீட்டர் தார்ச்சாலையை ஏழு மீட்டராக்க நிதி வேண்டுமென்றால், ஏழு நாள் ராப்பகலாகப் போகிற வருகிற வண்டிகளை எண்ணி அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் கோப்பு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போகும். அதனால் அவர் ஆட்களை விட்டுவிட்டு ஜீப்பில் திரும்பவில்லை. தானும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். ஒரு மொபட்டைக்கூட விடமாட்டார். தான் வந்து முதலில் செய்கிற உருப்படியான வேலை இதுதான் என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

முதல் நாள் சாயங்காலம் தாளைப் புரட்டியபோது அவருக்கு உறுத்தியது. வேன் என்ற கட்டத்தில் மொத்தமே ஒன்பது.

"என்னப்பா இது, பட்டாசு ஊருங்கிறாங்க, வேனையே காணோம்?" என்று பக்கத்திலிருந்த காண்ட்ராக்ட் ஊழியனிடம் கேட்டார்.

அந்த ஊழியன்…

(இவனைக் கொண்டுவராமல் கதையை முடிக்க மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை.)

"இங்கன இம்புட்டுத்தான் சார் ஓடும்" என்றான்.

சீனிவாசகம் நம்பினார். உள்ளூர்ப் பேச்சு பேசுகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

4

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். சில வாரம் கழித்து, பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். அதுவரை ஆட்களை ஏற்றும் வேன் ஓடாது. இது இங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். கும்பகோணத்துக்காரருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஊழியனுக்குத் தெரியும். அவன் பெயர் பாண்டி. நான்தான், வேறு யார்.

ஏன் சொல்லவில்லை? வேலைக்குச் சேர்ந்த அன்று டீக்கடையில் சார் சொந்த ஊர் கேட்டார். "காரியாபட்டி சார், விவசாயம்" என்று அளந்துவிட்டேன். எங்கம்மா சோலையம்மாள் இருபது வருடமாக இதே சாலையில் வேன் ஏறிக் கம்பெனிக்குப் போகிறவள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவள் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளி மினுங்கும். அந்தக் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம். வேன் ஓடாத காரணத்தைச் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஏழு நாளும் வாயை மூடிக்கொண்டு கோடு போட்டேன்.

அம்மா அந்த வாரம் நேர்த்திக்கடன் செலுத்த இருக்கன்குடி போயிருந்தாள். ரோடு அகலமாகணும் என்றும் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். சீ, எழுதவே கூசுகிறது.

5

எண்ணிக்கை பத்தவில்லை. நிதிப் பட்டியலில் எங்கள் சாலை இல்லை.

அடுத்த ஆவணியில், சீசன் உச்சத்தில், எதிரே வந்த லோடு லாரிக்கு ஒதுங்கிய கம்பெனி வேன் தார் விளிம்பிலிருந்து நழுவிப் பள்ளத்தில் சாய்ந்தது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னத்தாய் அத்தை செத்துப்போனாள்.

(இந்தப் பத்தியை இழுத்து உங்களை அழவைக்கலாம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.)

6

முடிவு (அ): பாண்டி சாரின் காலில் விழுகிறான். அவர் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொள்கிறார்.

(சினிமா. வேண்டாம்.)

முடிவு (ஆ): மறுபடி எண்ணுகிறார்கள், சாலை அகலமாகிறது, பாண்டி கடைசிவரை வாய் திறக்கவில்லை.

(நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். விபத்துக்குப் பிறகு மறு கணக்கெடுப்புக்கு உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் கூடவே மேலிடத்திலிருந்து சாருக்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது: அந்த வாரத்தில் ஏன் எண்ணினீர், விளக்கம் தருக.)

நேற்று சார் கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பு என்னோடதுதான்னு எழுதிட்டேன். காலைல அனுப்பிடுவேன். உன் பேரைச் சேர்க்கலப்பா, வேலை போயிடும். நீ காரியாபட்டிக்காரன், உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். காரியாபட்டிப் பொய்யையும் சேர்த்துத்தான்.

"ஏலே, ஏழு நாளும் அங்கனதான் உக்காந்திருந்தியா?"

"ஆமாம்மா."

"எங்க வேனு ஓடாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு ஏம்லே சொல்லல?"

என் கண் எங்கே போனதென்று அவள் பார்த்துவிட்டாள். திட்டியிருக்கலாம். அவள் தன் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

7

முடிவு (இ):

இதற்கு இடம் மட்டும் விட்டிருக்கிறேன். நான் எழுதினால் மறுபடியும் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

காலை மணி ஒன்பதே முக்கால். சாரின் விளக்கக் கடிதம் இன்னும் போயிருக்காது. சாருக்குப் போன் போட்டுவிட்டேன். எடுத்துவிட்டார்.

"சொல்லு பாண்டி" என்கிறார்.