ரெண்டு பொட்டு வச்ச டிஸ்க்

சிவப்புப் பொட்டு ரெண்டு வச்ச டிஸ்க் எங்க வீட்டுல ஒண்ணு இல்லடி லொரேனா, ரெண்டு இருந்துச்சு! அது எனக்கு உறைச்சப்போ மணி எட்டேகால். அப்பா ஓட்டற கீத்தோ பஸ் ராத்திரி ஏழு மணிக்கே லோஹாவை விட்டுக் கிளம்பியாச்சு. நான் டிவி முன்னாடி உக்காந்து, ஒரு கன்னியாஸ்திரி நோயாளிக்குக் கட்டுப் போடுறதை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க வர வேண்டியது கன்னியாஸ்திரி இல்லடி, எங்கப்பாவோட பிறந்தநாள் பார்ட்டி. உனக்கும் அத்தைக்கும் ஸ்பெயினுக்கு அனுப்ப எடுத்து வச்ச டிஸ்க். பார்சலை ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்னு போட்டா, புனிதை வர்றா.

அப்போ பார்ட்டி எங்க? பஸ்ல. நாப்பது பேரு உக்காந்திருக்கிற பஸ்ல. மூணாவது வரிசை ஜன்னல் சீட்டுல யாரு தெரியுமா? பஸ் முதலாளி, டொன் எலியேசர்.

உனக்கு அந்த பார்ட்டி பத்தி தெரியாது. இருபத்திரண்டாவது நிமிஷம் வரைக்கும் கேக்கு, பாட்டு, எங்கம்மா ஆடுற ஆட்டம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் எங்கப்பா சட்டைக்குள்ள தலையணையைத் திணிச்சுக்கிட்டு, டொன் எலியேசர் மாதிரி நடந்து காட்டறார். விரலை எச்சில் தொட்டுத் தொட்டு, பஸ்ல ஆளை எண்ணுறாராம். மூணு தடவை எண்ணுவார், மூணு தடவையும் வேற வேற கணக்கு வரும். அப்புறம் அந்த மூக்கால பேசற குரல்ல, தன் பேரையே கூப்பிட்டு: "ஹோல்கர், பஸ் நின்னுபோச்சுன்னா அது உன் பஸ். ஓடுச்சுன்னா என் பஸ்." எல்லாரும் உருண்டு புரண்டு சிரிக்கிறாங்க. கேமராவைப் பிடிச்சது நான். "இன்னொரு தடவை பண்ணுங்கப்பா, இன்னொரு தடவை"ன்னு ஒரு கழுதை கத்துது பாரு, அதுவும் நான்தான்.

டொன் எலியேசர் இன்னிக்கு எதுக்கு கீத்தோ போறார்னா, புது பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போட. அதை ஓட்டப்போறது எங்கப்பாவா, இன்னொரு டிரைவர் அந்தக் குடிகாரன் லௌதாரோவான்னு இந்தப் பயணத்துல முடிவு பண்ணுவாராம். பழைய பஸ்ஸை விக்கப்போறார். புது பஸ் கிடைக்கலைன்னா எங்கப்பாவுக்கு வேலையே இல்ல. இப்ப புரியுதா என் நிலைமை?

எல்லாத்துக்கும் காரணம் அந்த டிவிடி. போன மாசம் டொன் எலியேசர் கீத்தோவுல ஒரிஜினல் டிவிடி ஒண்ணு வாங்கிட்டு வந்தார். ஏதோ ஒரு புனிதையோட கதை. பஸ்ல சுட்டுக் கொல்ற படம் போடுறாங்கன்னு எவனோ பாதிரியார் புகார் பண்ணிட்டானாம். இனிமே இதைத்தான் போடணுமாம். ஆனா பஸ்ல இருக்கிற பிளேயர் விசிடி மட்டும்தான் தின்னும். டிவிடியை வச்சா துப்பிடும். புது பிளேயர் வாங்க மனசு வருமா அவருக்கு? "உன் பொண்ணு கம்ப்யூட்டர் தெரிஞ்சவளாமே, அவகிட்ட குடு"ன்னுட்டார். கம்ப்யூட்டர் தெரிஞ்சவளாம்! எனக்குத் தெரிஞ்சது சீட்டாட்டமும் ஸ்கூல் கட்டுரை அடிக்கிறதும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சாப்ட்வேர் குடுத்தான். டிவிடியை உள்ள விட்டா அது படத்தை நசுக்கி நசுக்கி ரெண்டு விசிடிக்குள்ள அடைச்சுத் தரும். எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன். "உன் கம்ப்யூட்டருக்கு? பதினாலு மணி நேரம்"னான். நான் ஜோக்குன்னு நினைச்சேன்.

முதல் தடவை தொண்ணூத்தொரு பர்சென்ட் வந்துச்சுடி. தொண்ணூத்தொண்ணு! என் தம்பி ஹைரோ காலைல எந்திரிச்சு கரண்ட் ஷவரைப் போட்டான். பட்டுன்னு வீடே இருட்டு. அந்த சனியன் பிடிச்ச ஷவரும் கம்ப்யூட்டரும் ஒண்ணா ஓடாதுன்னு அவனுக்குத் தெரியும்.

"வருஷத்துல ஒரு நாள் குளிக்கிறவன் இன்னிக்குத்தான் குளிக்கணுமாடா?"

"நீதானே நேத்து நாறுறேன்னு சொன்ன?"

ரெண்டாவது தடவை ஷவர்ல 'தொட்டால் கொலை'ன்னு எழுதி ஒட்டி வச்சேன். படம் முழுசா வந்துச்சு. போட்டுப் பாத்தா புனிதை போர்த்துகீஸ்ல பேசறா. டிவிடில எட்டு மொழி இருக்காம், எதுன்னு நாமதான் சொல்லணுமாம். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அந்த சாப்ட்வேர்! மூணாவது தடவை ஸ்பானிஷ் வந்துச்சு, ஆனா வாய் அசைஞ்சு மூணு செகண்டு கழிச்சுக் குரல் வருது. செத்துப்போன ஆளு பேசிக்கிட்டே இருக்கான். நாலாவது தடவை எல்லா மூஞ்சியும் புடலங்காய் மாதிரி நீளம். அப்பா தினமும் வந்து கேப்பார், "முடிஞ்சுதா தங்கம்?" நான் கத்துவேன். அம்மா என்னைப் பாத்துக் கத்துவா. ராத்திரி பூரா அந்த ஃபேன் சத்தத்துல யாருக்கும் தூக்கம் இல்ல.

அஞ்சாவது தடவை வந்துச்சு. அழுதுட்டேன், சத்தியமா.

டிஸ்க் மேல பேனாவால எழுதக் கூடாதுன்னு அந்தப் பையன் சொல்லியிருந்தான். மலிவு டிஸ்க்ல மை இறங்கி அரிச்சிடுமாம். அதனால அம்மாவோட நெயில் பாலிஷ் எடுத்து ஓரத்துல பொட்டு வச்சேன். முதல் பாதிக்கு ஒரு பொட்டு, ரெண்டாவது பாதிக்கு ரெண்டு பொட்டு. இதுல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. ஆனா கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்குன்னு பார்ட்டி வீடியோவையும் உங்களுக்காக விசிடியா மாத்தினேன். முதல் காப்பில சத்தம் வரலை. ரெண்டாவது காப்பி நல்லா வந்துச்சு. ரெண்டாவது காப்பிங்கிறதால அதுக்கும் என்ன வச்சேன்? நீயே சொல்லு. நான் கழுதைன்னு சும்மாவா சொன்னேன்?

இன்னிக்கு சாயங்காலம் அப்பா வாசல்ல பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். "முதலாளி டெர்மினல்ல நிக்கிறாருடி, சீக்கிரம்!" ஒரு பொட்டு எடுத்தேன், ரெண்டு பொட்டு எடுத்தேன், குடுத்தேன். முத்தம் வேற குடுத்து அனுப்பினேன்.

எட்டேகாலுக்கு அப்பா செல்லுக்கு அடிச்சேன். மலை. சிக்னல் இல்ல. 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னு ஒரு பொம்பளை சொல்லிக்கிட்டே இருக்கா, குரல்ல ஒரு துளி கவலை இல்ல. முதல் டிஸ்க் எட்டரைக்கு முடியும். வழியில சரகுரோ ஊர்ல பஸ் பத்து நிமிஷம் நிக்கும். அங்க டிக்கெட் கவுன்டர்ல இருக்கிற தர்ஹேலியா அக்காவைப் பிடிச்சா, இருபத்திரண்டாவது நிமிஷத்துக்குள்ள நிறுத்திடலாம். லைன் கிடைக்கவே எட்டு அம்பது ஆயிடுச்சு.

"அக்கா, நான் யாதிரா. டிரைவர் ஹோல்கரோட பொண்ணு."

"அட நீயா! அம்மாவுக்கு முழங்கால் தேவலையா?"

"தேவலை அக்கா. அப்பா பஸ் வந்துடுச்சா?"

"எந்த பஸ்?"

"ஏழு மணி பஸ்!"

"அது எட்டே முக்காலுக்கு வரும்."

"இப்பவே எட்டு அம்பது, அக்கா!"

"அப்ப லேட்டு."

சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. "அக்கா, பஸ் வந்ததும் அப்பாகிட்ட ஓடிப் போய் சொல்லுங்க, டிவில ஓடற டிஸ்கை உடனே நிறுத்தணும்னு."

"ஏன், அசிங்கமான படமா?"

"சீச்சீ! இல்லக்கா!"

"அப்புறம் என்ன, ஓடட்டுமே. பாவம், ஜனங்களுக்குப் பொழுது போகணும்ல?"

"அக்கா, எங்கப்பா வேலை போயிடும்க்கா!"

அப்பதான் அவங்க குரல் மாறுச்சு. "இரு, ஹாரன் கேக்குது"ன்னு போனை மேசை மேல வச்சுட்டுப் போனாங்க. எனக்கு எல்லாம் கேக்குது. பிரேக் உஸ்ஸுங்குது. ஹுமிதா, சூடான சோள ஹுமிதான்னு யாரோ கூவுறாங்க. ஒரு நாய். எவனோ போன் பக்கத்துல வந்து மூக்கைச் சிந்தறான்.

"சொல்லிட்டேன்"னாங்க அக்கா மூச்சு வாங்கிக்கிட்டு. "டிரைவர் கேபின் கதவு மூடியிருந்ததால அவனுக்கு ஒண்ணுமே கேக்கலையாம். ஹோல்கர் மூஞ்சி மாவு மாதிரி வெளுத்துப்போச்சு. ஓடிப்போய் நிறுத்திட்டான்."

"அப்பாடா!"

"முழுசாக் கேளு. நிறுத்தினதும் எல்லாரும் கத்துனாங்க. உங்கம்மா ஆட்டம் அவ்வளவு நல்லா இருந்துச்சாம். முதலாளியே சீட்டை விட்டு எந்திரிச்சுட்டாரு. 'போடுடா ஹோல்கர். புனிதையைப் பாத்து ஒரு மணி நேரம் அழுதாச்சு. இப்ப உன் குடும்பத்தைப் பாப்போம். இவ்வளவு வருஷம் ஆச்சு, உன் வீட்டுக்குள்ள ஒரு நாள் வந்ததில்லையே நான்'னாரு."

"யாரு, டொன் எலியேசரா?"

"அவரேதான். என் கண்ணு முன்னாடி ரெண்டு ஹுமிதா வாங்கி, காசும் குடுத்தாரு, மாதா சத்தியமா."

"அப்பா என்ன சொன்னார்?"

"என்ன சொல்வான்? முதலாளி போடுன்னா போடணும். கிளம்பிட்டாங்கம்மா."

டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு ஒரு பொய் சொல்லக் கூடாதா லொரேனா? சிக்கிக்கிச்சுன்னு சொல்லக் கூடாதா? எங்கப்பாவுக்கு யாரை மாதிரி வேணும்னாலும் நடிக்க வரும், ஒரே ஒரு பொய் சொல்ல வராது. அம்மாகிட்ட சொன்னேன். அவ முதல்ல என்னைத் திட்டினா, அப்புறம் ஹைரோவைத் திட்டினா, அப்புறம் "என் ஆட்டம் நல்லா இருந்துச்சுன்னா சொன்னாங்க?"ன்னு கேட்டா. இந்த வீட்டுல ஒரு ஆளுக்கும் மூளை கிடையாது.

ஆனா நான் பயந்தது தலையணைக்கும் இல்ல, எச்சில் விரலுக்கும் இல்ல. கடைசியில ஒண்ணு வருது. என் பதினஞ்சாவது பிறந்தநாளைக்கு அப்பா லீவு கேட்டார்ல? அன்னிக்கு, நம்ம ஊர் வழக்கப்படி, மகளுக்குச் செருப்பைக் கழட்டி ஹீல்ஸ் மாட்டி விட்டு, அவளோட முதல் வால்ஸ் டான்ஸ் ஆடுறது அப்பாதானே? டொன் எலியேசர் விடலை. அப்பா கீத்தோ டெர்மினல்ல கிடந்தார். ஹைரோதான் மாட்டி விட்டான், அதுவும் கால் மாத்தி. அதையும் அப்பா வீடியோவுல நடிச்சுக் காட்டறார். "மாதா எனக்கு பஸ்ஸைக் குடுத்தா ஹோல்கர், லீவைக் குடுக்கலையே." அந்த மூக்குக் குரல்லயேதான் சொல்றார். ஆனா அங்க யாரும் சிரிக்கலை. கேமரா கூட ஆடாம நிக்குது. அப்புறம் அப்பாவே தலையணையை உருவிப் போட்டுட்டு, "சரி, கேக்கு எங்க?"ன்னு கேக்கறார்.

பன்னெண்டு பத்துக்கு போன் வந்துச்சு. குவெங்கா டெர்மினல்ல இருந்து அப்பா. கிசுகிசுன்னு பேசறார்.

"தங்கம்..."

"வேலை போச்சாப்பா?"

"தெரியலை."

"பாத்தாரா?"

"முழுசாப் பாத்தார். பஸ்ஸே சிரிச்சுது. ஒருத்தன் விசில் அடிச்சான். அவரு சிரிக்கலை. திட்டவும் இல்ல."

"அப்புறம்?"

"அது முடிஞ்சதும் எந்திரிச்சு முன்னாடி வந்தாரு. கிளீனர் வில்மரைப் பின்னாடி போகச் சொல்லிட்டு, என் பக்கத்துல உக்காந்துட்டாரு. ரெண்டு மணி நேரம் வாயே திறக்கலை. ரோட்டையே பாக்கறாரு. எனக்கு கியரே ஒழுங்கா மாத்த வரலை. குவெங்கா லைட்டு தெரிஞ்சப்போதான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"'நான் நிஜமாவே அப்படித்தானா, ஹோல்கர்?'னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டெர்மினல் வந்துடுச்சு முதலாளின்னு சொல்லிட்டு இறங்கி ஓடி வந்துட்டேன். அவரு இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்கார். கீத்தோ வரைக்கும் ஒம்பது மணி நேரம் இருக்கு. நீதான் படிச்சவ, நீ சொல்லு, நான் என்ன சொல்லட்டும்?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஹாரன் அடிச்சுது. முதலாளியேதான் அடிச்சிருக்கணும், வேற யாருக்கு தைரியம் வரும்? "அப்புறம் பேசறேன்"னு வச்சுட்டார்.

இப்ப மணி ஒண்ணு. மறுபடி அடிச்சா, எல்லைக்கு வெளியேன்னு அதே பொம்பளை. அம்மா தூங்கிட்டா, ஹைரோ குறட்டை விடறான். பார்சல் பிரிச்சபடி மேசை மேல கிடக்கு, நான் அதுல வைக்கிற லெட்டரை எழுதிக்கிட்டு இருக்கேன். டிவில அந்தக் கன்னியாஸ்திரி நான் நிறுத்தின இடத்துலயே நிக்கறா. அணைக்கக் கூட எனக்குத் தோணலை.

இல்ல முதலாளி, அதெல்லாம் சும்மா விளையாட்டுன்னு அப்பா சொல்லிடலாம். புது பஸ் கிடைக்கும். ஆனா அப்பாவுக்குத்தான் பொய் வராதே, சொல்லும்போதே மூஞ்சி காட்டிக் குடுத்துடும். ஆமான்னு சொன்னா, பஸ்ஸை விட்டு நடுரோட்டுல இறக்கிவிட்டாலும் விடுவார். இல்ல, அப்படிக் கேட்ட மனுஷன் இறக்கிவிட மாட்டாரோ? எனக்குத் தெரியலைடி. ரெண்டு மணி நேரம் யோசிச்சு ஒருத்தர் அதை மட்டும் கேட்டிருக்காருன்னா, லொரேனா, அவருக்கு எந்த பதில் வேணும்?