வெள்ளை அடித்த பெயர்

என் வீட்டுக்காரர் லென் ரிம்மர் முப்பத்தாறு வருஷமாகக் கால்டர்ஷா ரோவர்ஸ் ஃபுட்பால் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. மைதானம் ஒன்றும் லண்டனில் இல்லை, எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் போடுகிற கூச்சலில் எங்கள் சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தக் கூச்சலை வைத்தே கோல் நமக்கா எதிராளிக்கா என்று சொல்லிவிடுவார். எழுந்து போய்ப் பார்க்க மட்டும் மாட்டார். அப்படி ஒரு வீம்பு.

வீம்புக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருஷம் அந்த டீமுக்கு மேனேஜர், ஆளை எடுப்பதும் ஆட வைப்பதும் இவர்தான். இரண்டாம் டிவிஷனில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கூட்டத்தைச் சாம்பியனாக்கி முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டவர். கடைசியாக ஒரு குளிர்காலம் சரியாகப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். மேனேஜர் வேலைக்குப் போகிறவன் ஒருநாள் துரத்துவார்கள் என்று தெரிந்துதான் போகிறான். ஆனால் இவர் அலமாரியைக் காலி செய்துகொண்டு வெளியே வருகிறார், கார் நிறுத்துமிடத்துச் சுவரில் எழுதியிருந்த இவர் பெயர்மேல் ஒருத்தன் வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் டப்பாவை நகர்த்துகிறவரை நின்று காத்திருந்துதான் காரை எடுத்தாராம். சுவரில் உரசியதில் கோட்டுக் கையெல்லாம் ஈரப் பெயின்ட். நான் டர்பன்டைன் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன், போகவில்லை. கோட்டைத் தூக்கி எறிந்தேன். கோபத்தை எறிய முடியவில்லை, அவராலும் சரி, என்னாலும் சரி.

இந்த வருஷம் மைதானத்தில் புதிதாக ஒரு கேலரி கட்டினார்கள். கிளப்பின் சரித்திரத்திலேயே சிறந்த மேனேஜர் யாரோ அவர் பெயரை அதற்கு வைப்பது என்று ரசிகர் சங்கம் முடிவு செய்தது. ஓட்டுப் போட்டு எடுக்கலாமே என்றால், போன தடவை டீமின் சின்னமான பொம்மைக்குப் பெயர் வைக்க ஓட்டுப் போட்டபோதே இரண்டு பேருக்குப் பல் போயிற்று. அதனால் ஓட்டே கிடையாது, கணக்குதான். யார் மேனேஜராக இருந்தபோது மேட்சுக்குச் சராசரி அதிகப் புள்ளி வந்ததோ அவர்தான் சிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை பகல் சங்கத்து ஹாலில் அறிவிப்பு.

லென்னுக்கு எண்பத்தொன்று ஆகிறது. ஆள் போன பிறகு சுவரில் பெயர் எழுதி யாருக்கு என்ன? அவர் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். ஹாலில் சிப்ஸும் பட்டாணி மசியலும் நன்றாக இருக்கும் என்று பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். சங்கத்து ஹால் மைதானத்துக்கு எதிர்ப்பக்கம், அதனால் அவர் சபதத்துக்கும் பங்கம் இல்லை.

கதவை ஒட்டி உட்கார்ந்தார், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கோட்டைக் கழட்டுய்யா. வந்ததும் போறதுக்கு ரெடியா இருக்க."

"எனக்கு இங்க குளுருது மேவ்."

"உனக்குக் குளுரல, பயம்."

சிப்ஸைக் குத்திக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் ட்ரெவர் லோமாஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த மேனேஜர். இப்போது ஸ்பெயினில் வீடு, தோலெல்லாம் வறுத்த மாதிரி சிவந்திருந்தது, வாசனைத் தைலம் கதவுவரை அடித்தது. இவருக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

சங்கத் தலைவி ஜெரால்டின் மைக்கைப் பிடித்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டரோடு நதீம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற பையன், மைதானத்தில் இருபது வருஷமாக எனக்கு அடுத்த சீட். ஆமாம், நான் போவேன். வீம்பு அவருக்கு, சீசன் டிக்கெட் எனக்கு. கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு சீசனின் பட்டியலிலும் உள்ள புள்ளிகளைக் கூட்டி, நதீம் திரையில் போட்டான். மூன்று பெயர் வந்தது.

"மூணாவது இடம்," என்றாள் ஜெரால்டின், "நம்ம லென் ரிம்மர்."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். பாவம் கிழவர் என்கிற கைதட்டல் அது. இரண்டாவது, ஒரே சீசன் இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன ஒரு டச்சுக்காரர். முதலாவது லோமாஸ்.

டச்சுக்காரனுக்கும் கீழேயா? என் வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன்.

"நதீம், ஒரு நிமிஷம். லென் காலத்துல ஆடுனது மைதானமா அது? வயல். ஜனவரியில பந்து சேத்துல நட்டுக்கிட்டு நிக்கும். ஆள வாங்கக் காசும் கிடையாது, பாதி டீமுக்கு நான்தான் சோறு போட்டேன். அதெல்லாம் கணக்குல வருதா?"

"மேவிஸ் ஆன்ட்டி, சேத்துக்கு நான் எப்படிப் புள்ளி போடறது?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பாரில் பீர் ஊற்றிக்கொண்டிருந்த கிளிஃப், "சோத்துக்கு வேணா ஒரு புள்ளி போடுப்பா," என்றான். லோமாஸும் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் கொதித்தது.

லென் என் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு மேவ். இல்லன்னா வா, போலாம். மூணாவது ஒண்ணும் கேவலம் இல்ல."

கேவலம் இல்லை என்று சொல்கிற குரலா அது. அன்றைக்குப் பெயின்ட் பட்ட கோட்டோடு வாசலில் நின்று, ஒன்றுமில்லை மேவ் என்றாரே, அதே குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழக்கூடாது என்று திரையையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

திரையில் ஒவ்வொருவருக்கும் நேராக அவருடைய மிகச் சிறந்த சீசனைப் போட்டிருந்தார்கள். லோமாஸுக்கு ஐந்தாம் இடம், எழுபத்தைந்து புள்ளி. லென்னுக்குச் சாம்பியன், ஐம்பத்தெட்டு புள்ளி. ஒருமுறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

"ஏம்ப்பா நதீம், சாம்பியன் ஆனவனுக்கு அம்பத்தெட்டு, அஞ்சாவதா வந்தவனுக்கு எழுபத்தஞ்சா? இது எந்த ஊரு நியாயம்?"

"அது வந்து ஆன்ட்டி, இப்பல்லாம் மேட்ச் நாலு கூட ஆடறாங்க..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

கிளிஃப் பீர் குழாயை மூடினான். "அட கடவுளே," என்றான் மெதுவாக. "ரெண்டு புள்ளி."

மூலைக்கு மூலை தலையில் அடித்துக்கொள்கிற சத்தம். லென் காலத்தில் ஒரு மேட்ச் ஜெயித்தால் இரண்டு புள்ளிதான். அவரைத் துரத்திய மறு வருஷம்தான் அதை மூன்றாக்கினார்கள். அவர் ஜெயித்த ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு புள்ளி குறைச்சல், லோமாஸ் ஜெயித்ததுக்கெல்லாம் முழுசாக மூன்று. இது அந்த ஹாலில் யாருக்குத் தெரியாது? மூன்று புள்ளி வந்தால் ஃபுட்பாலே நாசமாகிவிடும் என்று இதே ஹாலில் மேஜையைக் குத்திச் சண்டை போட்டவர்கள்தான் பாதிப் பேர். அவர்கள்தான் இத்தனை நேரமாக அந்தத் திரையைப் பார்த்து மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும்தான் தோன்றவில்லை, சேற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"எல்லாருக்கும் ஜெயிச்சா மூணுன்னு வச்சு மறுபடி போடு," என்றாள் ஜெரால்டின்.

நதீம் குனிந்துகொண்டான். அவனை நம்பாதவர்கள் பீர் கிளாஸ் வைக்கிற அட்டையைத் திருப்பிப்போட்டுத் தாங்களே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பேனா கேட்டு ஒரே ரகளை.

லென் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "நான் வெளிய நிக்கிறேன்."

"எங்கய்யா போற?"

"என் கடைசி சீசன் உனக்குத் தெரியும்ல. வரிசையாத் தோத்தோம். அதுவும் அந்தக் கணக்குல இருக்கு. ஒரு தடவ மூணாவதுன்னு கேட்டுட்டேன் மேவ். இன்னொரு தடவ கேக்க என்னால ஆகாது."

அவர் சொன்னது சரிதான். கணக்கு மாறினாலும் ஆள் மாறாமல் போகலாம். அப்புறம் இந்தக் காயத்தை இரண்டாம் முறை கிளறியவள் நானாக இருப்பேன். இருந்தாலும் விடவில்லை, கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முதல் டிவிஷன்ல பெரிய பெரிய டீமுங்க வந்தப்ப ஓடுனியா நீ? உக்காரு."

உட்கார்ந்தார்.

நதீம் நிமிர்ந்தான். புதுக் கணக்கைத் திரையில் போட்டான். முதலில் டச்சுக்காரர் மூன்றாவதாக இறங்கினார். அதற்கு மேலே லோமாஸ். அதற்கும் மேலே, எல்லாருக்கும் மேலே, லென் ரிம்மர். சும்மா மயிரிழையில் இல்லை, நல்ல இடைவெளி விட்டு. தோற்ற அந்தக் குளிர்காலத்தையும் சேர்த்துத்தான்.

கூரை பிய்த்துக்கொண்டு போகும் போலிருந்தது. கிழவர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். கிளிஃப் பார் மேடையைத் தட்டித் தட்டிப் பழைய பாட்டைத் தொடங்கினான், ரிம்மர் பையன்கள் வருகிறார்கள், வழிவிடு வழிவிடு என்று. அதை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. நான் அழுதேன், வெட்கப்படாமல் நன்றாகவே அழுதேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லோமாஸ் எங்களை நோக்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். அவர் லென் முன்னால் வந்து நின்றார்.

"பாஸ், என்னைய ஞாபகம் இருக்கா? பதினாறு வயசுல உங்ககிட்ட ஆடிக் காட்ட வந்தேன். உன் இடது காலு வெறும் மரக்கட்டை, போய்ப் படிடான்னு துரத்திட்டீங்க."

லென் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்புறம் காலு சரியாச்சா?"

"இல்ல பாஸ்."

"அப்ப நான் சொன்னது சரிதானே."

லோமாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். லென்னின் கையைப் பிடித்துத் தூக்கி ஹாலுக்கே காட்டினார். நல்ல மனுஷன்தான், நான்தான் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். வாசனைத் தைலத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

ஜெரால்டின் மைக்கை நீட்டினாள். "பாஸ், சுவத்துல எப்படி எழுதணும்? லென் ரிம்மரா, லெனார்ட்னு முழுசாவா?"

"வெறும் ரிம்மர்னு எழுதும்மா," என்றார். "அந்தப் பேர்ல வீட்ல ரெண்டு பேர் இருக்கோம். கணக்கக் கேட்டது நான் இல்ல."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை வழிவிடு வழிவிடு என்று கத்தினார்கள், என் பெயரைச் சொல்லி.

அடுத்த சனிக்கிழமை தூறல். அவர் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டார், முகச்சவரம் இரண்டு முறை செய்தார். கேலரியின் பின்சுவரில் ஆள் உயர எழுத்தில், நீல நிறத்தில் எழுதியிருந்தது. கூட்டம் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது, போகிற போக்கில் பாஸ், பாஸ் என்று தோளைத் தட்டினார்கள். அவர் எதையும் கவனிக்கவில்லை. சுவர்கிட்டே போய் முதல் எழுத்தை விரலால் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"கோட்டுல படப்போகுதுய்யா," என்றேன்.

"படாது மேவ். காஞ்சிருச்சு."

என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.