அஞ்சு கிராமோடு நிறுத்தியது

உதிரிபாகக் கடைக்காரர் அந்த மரம் அறுக்கும் மெஷினை என் மேஜைமேல் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது என் தம்பியுடையது. கைப்பிடியில் நீல டேப்பை அப்படிக் கோணல்மாணலாகச் சுற்ற அவனால்தான் முடியும்.

"மரம் அறுக்குற போட்டிக்காம். பிஸ்டன்ல எட்டு கிராம் குறைக்கணுமாம். யாருகிட்ட குடுப்பேன்னு நான் சொல்லல," என்றார்.

"சொல்லாதீங்க," என்றேன்.

பிஸ்டன் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும். அதன் எடை குறைந்தால் செயின் இன்னும் வேகமாக ஓடும். ஒருகாலத்தில் நான் பிஸ்டனை அரத்தால் ராவிக் கொடுப்பேன், அவன் போட்டியில் மரம் அறுப்பான். எங்களை அடிக்க ஆளில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இறுதிப்போட்டிக்கு முந்தின நாள், "போதும்ண்ணே, சுவர் மெலிஞ்சுபோச்சு," என்றான். நான்தான் பெரிய மேதாவியாச்சே! இன்னும் ஒரு கிராம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மறுநாள் பாதி மரத்தில் பிஸ்டன் உடைந்தது. "உன் கை பட்ட மெஷினை இனி தொடமாட்டேன்" என்று போனவன்தான். அன்றிலிருந்து இந்த ஷெட்டில் என்னோடு பேசுவது ஏர் கம்ப்ரஸர் மட்டும்தான். அதுவும் வாயைத் திறந்தால் மூடாது.

பிஸ்டனைக் கோத்திருக்கும் பின்னின் உள்துளையைச் சாணைக்கல்லால் கொஞ்சம் பெரிதாக்கினேன். பிஸ்டனின் கீழ்ச்சுவர் ஓரங்களை உருண்டை அரத்தால் ராவினேன். அஞ்சு கிராம் குறைந்தது. கை இன்னும் துறுதுறுத்தது. பயமாகவும் இருந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

என் வேலைக்கு அடையாளமாக பிஸ்டனின் உட்புறத்தில் ஒரு புள்ளி குத்துவது என் வழக்கம். குத்தினால் கண்டுபிடித்துவிடுவான், தூக்கிக் குப்பையில் போட்டாலும் போடுவான். குத்தாவிட்டால் தெரியாமலே ஓட்டுவான். அரைமணி நேரம் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனை ஏமாற்ற மனசு வரவில்லை. குத்தினேன். அஞ்சு கிராம்தான் எடுத்தேன் என்று சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் கடைக்காரர் வந்தார்.

"உங்க தம்பி வாங்கினதும் கழட்டிப் பார்த்தாரு. அந்தப் புள்ளியைத் தடவிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. எத்தனை கிராம் எடுத்தாருன்னு கேட்டாரு. அஞ்சுன்னேன்."

"திட்டினானா?"

"இல்லையே. 'அஞ்சுலயே நிறுத்திட்டாரா?'ன்னாரு. அங்கேயே மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு."

"என் நம்பர் கேட்டானா?"

"கேக்கலை."

மூன்று வருஷமாக நான் நம்பரை மாற்றவில்லை. அவன் ஏன் கேட்கப் போகிறான்?

கடைக்காரர் போனதும் கம்ப்ரஸரை நிறுத்தினேன். அது ஓடினால் போன் அடிப்பது காதில் விழாது.