ஸோஹ்ரா வீட்டில் விழுந்த எழுத்துகள்

ஸோஹ்ராவின் வீட்டில் மட்டும் தொலைக்காட்சியிலிருந்து எழுத்துகள் தரையில் விழுந்தன. யோம் கிப்பூர் போர் முடிந்து சில வருடங்களில் அது ஆரம்பித்தது. குழந்தைகளுக்கு ஹீப்ரு வாசிக்கச் சொல்லித்தரும் காலை நிகழ்ச்சி அது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் எங்கள் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஓடும். மற்ற வீடுகளில் எழுத்து திரையில் நிற்கும், சிரித்த முகத்துப் பெண் அதன் ஒலியைச் சொல்வாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். ஸோஹ்ரா வீட்டில் அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதே எழுத்து பொத்தென்று விழுந்துவிடும். உள்ளங்கை அகலம், கறுப்பு, லேசான சூடு. கைதவறி விழுந்த ஜெபப் புத்தகத்துக்குச் செய்வதுபோல அவள் அதை எடுத்து முத்தமிட்டு மேசைமேல் வைப்பாள்.

ஸோஹ்ரா மொரோக்கோ மலைக்கிராமத்திலிருந்து கப்பலில் வந்தவள், நூற்பாலையில் தரை துடைப்பவள், எந்த மொழியிலும் எழுத்தறியாதவள். அவளுக்குப் படிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். போரில் இறந்த மகன் ரஹமிம் பக்கத்து நகரத்து ராணுவக் கல்லறையில் கிடந்தான். அங்கே தளபதிக்கும் சமையல்காரனுக்கும் ஒரே மாதிரிக் கல். வரிசையை எண்ணி வைத்துப் பார்த்தாள். புது வரிசைகள் சேர்ந்து கணக்கு தப்பியது. போகும்போதெல்லாம் யாரையாவது நிறுத்தி, "எம் மவன் எங்கப்பா இருக்கான்?" என்று கேட்க வேண்டும். பெற்றவள் வழி கேட்டுப் போவதைப்போல் கொடுமை வேறில்லை.

பழுது பார்ப்பவன் வந்து, அவள் வைத்த புதினா டீயைக் குடித்துவிட்டு, "ஆன்டெனா நல்லாருக்கு, பெட்டியும் நல்லாருக்கு, பாக்கறவங்களத்தான் மாத்தணும்" என்று சொல்லிப் போனான். பக்கத்து வீட்டு சிமி தன் வீட்டில் வந்து பார்க்கச் சொன்னாள். அங்கேயும் விழுந்தது. குழந்தைகள் அழுதன. "கோவிச்சுக்காதடி, எம் புள்ளைங்க படிக்க வேணாமா?" என்றாள் சிமி. ஸோஹ்ரா கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடி போகவுமில்லை.

மேசை நிறைந்ததும் எங்கள் ஜெபாலய குரு ரப்பி மசூதை அழைத்தார்கள். "கடவுள் பேரை எழுதற எழுத்தும்மா, குப்பையில போடக் கூடாது" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். கிழிந்த ஜெபப் புத்தகங்களோடு அவற்றையும் புதைக்க ஏற்பாடாயிற்று. "இதுல எம் மவன் பேருக்கு உள்ளது எது, ரப்பி?" என்று கேட்டாள். விழுந்த எழுத்து படித்தவர் கண்ணுக்கும் பிடிபடாது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியலம்மா" என்றார். எங்கள் ஊரில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அன்று ஒருநாள்தான். அதன்பின் வெள்ளிதோறும் சபாத் ஓய்வுநாள் தொடங்குமுன் ஒரு பை எழுத்து மண்ணுக்குள் போனது. விற்பனைக்கு வந்த வண்ணத் தொலைக்காட்சியை வாங்கினாள்; வண்ண எழுத்துகள் விழுந்தன.

போரில் இறந்தவர்களுக்கான ஒரு நினைவு நாளில், நாடு முழுக்க ஊதும் சங்கு ஓய்ந்தபிறகு, மகனின் கல்லருகே குனிந்து, இன்று எப்படியும் படித்துவிடுவது என்று பெயரை உற்றுப் பார்த்தாள். கல்லில் வெட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து ரோஸ்மேரிச் செடிமேல் விழுந்தன. பொறுக்கி முத்தமிட்டாள். ராணுவத்தார் புதிதாக வெட்டிக் கொடுத்தார்கள். அடுத்த முறை அதுவும் உதிர்ந்தது. பிறகு விட்டுவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்த ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வாசிக்கப் படித்து, வளர்ந்து, ராணுவத்துக்கும் போய்விட்டார்கள். ஸோஹ்ரா ஒரு எழுத்தும் கற்கவில்லை. இப்போது கல்லறை வாசலில் இறங்கி, ஒன்றும் எழுதாத கல்லைத் தேடி நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று, "பேரே இல்லையே, இது யாரும்மா?" என்று அவளைக் கேட்கிறார்கள்.

"எம் மவன்" என்கிறாள்.