அடக்கத்துக்கு வந்த கேமரா

பாடகி இஷ்பெல் மக்காஸ்கிலின் ஒரே ஒரு பாட்டுதான் ஓடியது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சொந்த ஊரான அர்ப்ரோத் துறைமுகத்தில் மீனுக்குப் புகைபோடும் கொட்டகையிலிருந்து நேராக லண்டனுக்குப் போனவள். மேலாளர் ட்ரெவர் அவள் பல்லை மாற்றினான், முடியை மாற்றினான். "இந்த மீன்காரிப் பேச்சு வேணாம் செல்லம், ஒருத்தனுக்கும் புரியல" என்றான். அதையும் விட்டாள். அதற்கப்புறம் எந்தப் பாட்டும் எடுபடவில்லை. கடற்கரை விடுதிகளில் அதே பழைய பாட்டைப் பாடிப் பாடி நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

அம்மா செத்ததும் ஊருக்கு வந்தாள். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளில் ஒன்று அவள் கையில் இருந்தது. கல்லறைச் சுவருக்குப் பின்னால் ஏதோ மின்னியது. கேமரா. யோசிக்கும் முன்பே அவள் முகம் தானாகத் திரும்பி இடக்கன்னத்தை அதற்குக் காட்டியது. படத்தில் அந்தப் பக்கம்தான் எடுப்பாக இருக்கும். எதிரே நின்ற தங்கை ரோனா அதைப் பார்த்துவிட்டாள்.

ஓட்டலில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு இறைச்சிக் குழம்பை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பரிமாறினார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த ட்ரெவர் மோவாயில் குழம்பு வழியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தக் கேமராக்காரனை நீயா கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டாள் இஷ்பெல்.

"பின்னே? நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் நீதான். சனிக்கிழமை டிவியில பாடுறே. பின்னாடி பெருசா அம்மா படம். நாடே அழும் பாரு!" அவள் தோளைத் தட்டினான். அவன் பூசியிருந்த வாசனைத் தைலத்தின் நெடி அவள் மூக்கில் ஏறியது.

அவள் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ரோனா பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"அவனை நினைச்சா குமட்டுது?"

"என்னை நினைச்சாடி."

"மூஞ்சியத் திருப்பினியே, பாத்தேன். அம்மா குழியில இருக்கா, நீ போஸ் குடுக்கறே. சீ!"

இஷ்பெல் வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தாள். ட்ரெவர் இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டைப் பிடுங்கி மேசையின் மறுகோடியில் வைத்தாள்.

"எந்திரிடா. எங்கம்மா சாவுச் சோறு உனக்கு எதுக்கு?" நாற்பது பேர் முன்னால், மீன்கொட்டகைப் பேச்சிலேயே கத்தினாள். "சனிக்கிழமை நான் வரமாட்டேன். நீயே பாடிக்க."

"ஒப்பந்தம் இருக்கு, செல்லம்."

"செல்லம்னு இன்னொரு தடவ சொல்லு, அந்தக் குழம்பு உன் தலைல இருக்கும்."

அவன் போய்விட்டான். ஆனால் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. இடப்பக்க முகம், அளவான சோகம். பழைய பாட்டு மறுபடி விற்றது. கடையில், பேருந்தில், எங்கே போனாலும் அதுதான். கேட்ட இடத்திலிருந்து எழுந்து வெளியே போய்விடுவாள்.

லண்டனுக்கு அவள் திரும்பவில்லை. புகைக்கொட்டகையில், மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிடும் வேலையில் மறுபடி சேர்ந்தாள். முதல் நாள் கூட வேலை செய்த ஒருத்தி ஆசையாகக் கேட்டாள்: "அந்தப் பாட்ட ஒரு தடவ பாடேன்க்கா."

"வாய மூடிட்டு மீனக் கட்டுடி" என்றாள் இஷ்பெல்.