ஹெல்மெட் போட்ட வெருளி

நாளுக்கொரு படம் என்று இந்த ஜெயபுரத்தில் முதலில் தொடங்கியது நான். தனுஷா அல்ல. இதை யாரும் மறந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடியும் முன்பே எங்கள் வயலுக்குப் போய்விடுவேன். வாய்க்கால் மதகில் ஏறி நின்று, சூரியன் வரும்வரை காத்திருந்து, கைபேசியில் ஒரே ஒரு படம் எடுத்து முகநூலில் போடுவேன். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் விட்டதில்லை. சொந்தக்காரர் நாலுபேர் லைக் போடுவார்கள். என் புருஷன் யோகநாதனிடம் காட்டினால், தேத்தண்ணியை உறிஞ்சியபடியே, "ஓம், விடிஞ்சிட்டுது" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. அந்த மனுஷனின் வாயிலிருந்து 'வடிவு' என்ற சொல்லை ஒருநாளாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் நான் அத்தனை விடியலையும் எடுத்தேன்.

தனுஷா பக்கத்து வயல்காரி, என்னைவிட இளையவள். "அக்கா, நானும் உங்களைப்போல ஒவ்வொரு நாளும் ஒரு படம் எடுக்கப்போறன்" என்று வந்து சொன்னாள். எடு என்றேன். ஒரு கிழமையில் அலுத்துவிடும் என்று நினைத்தேன்.

அலுக்கவில்லை. ஊரெல்லாம் எடுக்கிற சூரியனையும் அவள் எடுக்கவில்லை. வரம்பில் கழற்றிவிட்ட செருப்பு, மண்வெட்டிப் பிடியில் காயும் துவாய் என்று கண்டதையும் எடுத்தாள். அதற்குப்போய் ஆளாளுக்கு ஆகா ஓகோ என்று எழுதினார்கள். பிறகு என் வெருளியில் கைவைத்தாள்.

அந்த வெருளி நான் கட்டியது. கதிர் பால்பிடிக்கிற நேரம் கிளியும் மயிலும் இறங்காமலிருக்க, தடியைக் குறுக்கே கட்டி, இவருடைய பழைய கட்டம்போட்ட சேட்டைப் போட்டு, தலைக்கு வெடித்துப்போன ஹெல்மெட் ஒன்றைக் கவிழ்த்து நட்டிருந்தேன். ஒருநாள் அதன் தோளில் காகம் இருக்கும்போது எடுத்தாள். இன்னொருநாள் மழையில் நனைந்து அது ஒரு பக்கம் சரிந்து நின்றபோது எடுத்தாள். வயல் என்னுடையது, வெருளி என்னுடையது, சேட்டு என் புருஷனுடையது, பேர் மட்டும் அவளுக்கு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பரந்தன் பஸ் தரிப்பில் நேசமலர் ரீச்சர் என்னைக் கண்டு, "உங்கட ஊர்ப் பிள்ளை ஒண்டு வெருளிப் படம் போடுது. காலமை எழும்பினால் நான் முதல் அதைத்தான் பாக்கிறனான்" என்றார். நானும் படம் போடுகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு சிரித்தேன்.

அதையாவது பொறுத்திருப்பேன். அன்று பின்னேரம் இவர் கைபேசியைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா சிரிப்பு?"

"எங்கட வெருளியைத் தனுஷா எப்பிடி எடுத்திருக்கிறாள் பாரும். அந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கு."

எனக்கு மட்டும் என்ன, புண்ணா இருக்கிறது? குசினிக்குள் போய் அடுப்பை மூட்டத் தொடங்கினேன்.

மறுநாள் இருட்டோடு போய் வெருளியைப் பிடுங்கினேன். கிளி தின்னட்டும், மயில் தின்னட்டும், அவளுக்குப் படம் கிடைக்கக்கூடாது. கட்டும்போது தெரியாத பாரம் தூக்கும்போது தெரிந்தது. தோளில் சாய்த்து, ஹெல்மெட் உருண்டுவிடாமல் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு, லேசாக வெளிக்கத் தொடங்கிய பனிக்குள் வரம்பால் நடந்து வந்தேன். தனுஷா வெயில் வந்த பிறகுதான் வருவாள், அதனால் யாரும் காணவில்லை என்றுதான் நம்பினேன். வீட்டின் பின்பக்கம் அதைச் சாத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

இவர் கதிரையில் இருந்து கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

படத்தில் பனி. நடுவே நீளமாக வரம்பு. குடித்து விழுந்த புருஷனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறவளைப்போல, வெருளியை அணைத்துக்கொண்டு நான். கீழே தனுஷா எழுதியிருந்தாள்: "களைச்சுப்போன ஆளை வீட்டை கூட்டிக்கொண்டு போறா எங்கட கஜேந்தினி அக்கா." பனியை எடுக்கவென்று அன்று பார்த்து வேளைக்கே வந்திருக்கிறாள். லைக் வந்து குவிந்துகொண்டிருந்தது. நேசமலர் ரீச்சர் இதயமே போட்டிருந்தார். நல்ல படம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"ஏன் பிடுங்கினனீர்?" என்று கேட்டார் இவர்.

"சேட்டு கிழிஞ்சுபோச்சு. மாத்திவிடுவம் எண்டு."

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, தன்னுடைய நீலச் சேட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பிறகு மறுபடியும் கதிரையில் இருந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, என் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"நீர் இதில நல்ல வடிவு" என்றார்.

கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அன்றுதான். அதையும் தனுஷாவின் படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.