இடுப்பளவு குழிகள்

எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் இருந்த குப்பைமேட்டைப் பூங்கா ஆக்கப்போவதாக, ரோட்டோரம் இருக்கும் பெரிய வீட்டுக்காரர்களின் குடியிருப்போர் சங்கத் தலைவர் சொன்னார். ரோட்டுக்குப் போக எங்களுக்கு இருக்கும் ஒரே வழி அதன் குறுக்கேதான். குழி வெட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார்.

"செடிக்கு எதுக்குங்க இடுப்பளவு குழி? அதுவும் நம்ம வழியை மறிச்சு வரிசையா?" என்றாள் மனைவி.

தலைவரைக் கேட்டேன். "வேர் ஆழமா இறங்கணும்ல, அண்ணே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே சரியில்லை.

மறுநாள் கன்று நடுவதைப் போட்டோ எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். லாரியில் கன்றுகளோடு இரும்புத் தூண்களும் முள்கம்பியும் வந்தன. என் வழியை அடைக்க நானே குழி வெட்டியிருக்கிறேன்!

தூண்களை இறக்குவதற்குள் நாங்கள் இருவரும் குழிகளில் மண்ணைத் தள்ளி, நடுவே வழி விட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கன்றுகளை நட்டுவிட்டோம். தலைவர் பதறி ஓடிவந்தார்.

"பிடுங்குங்க தலைவரே, போட்டோ எடுக்க வந்தவங்களும் பார்க்கட்டும்," என்றாள் மனைவி.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினார். கன்றுகளுக்கு நடுவே நடந்துதான் இப்போது வேலைக்குப் போகிறேன். தூண்களை மட்டும் அவர் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.